எட்டாவது அலை

ஜூலை 3

எருமையின் உடம்பு ஒருவழியாக ஆறிவிட்டது. கம்பி கட்டி, கோழிவலை சுற்றி, சிமெண்ட் பூசி, பத்து நாளாகக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினோம். படுத்திருக்கும் எருமை, எட்டடி நீளம். ஈரோடு ரோட்டில் புதிதாகக் கட்டியிருக்கும் குழந்தைகள் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகப் போகிறது. ஊசி போட்டுக்கொண்டு அழுதபடி வெளியே வருகிற குழந்தை இதன் முதுகில் ஏறி உட்கார வேண்டும் என்று டாக்டரம்மாவுக்கு ஆசை. ஆகஸ்ட் கடைசிக்குள் முடித்தாக வேண்டும்.

நாளை முதல் டைல்ஸ் பதிக்கலாம். மெகருன்னிசா மூன்று கூடை வெட்டி வைத்திருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் பாத்ரூம்களுக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர். அவரிடம் வெட்டக் கற்றுக்கொண்டு அவரையே மிஞ்சிவிட்டாள். என்னிடம் வந்து ஐந்து வருஷம். 'எருமைக்கு எதுக்குக்கா நீலம்?' என்று கேட்டாள். அமராவதி ஆற்றில் மதியம் எழுந்து வருகிற எருமையைப் போய்ப் பார் என்றேன். நனைந்த முதுகு கறுப்பாகவே இருக்காது. வானம் முழுக்க அதில்தான் கிடக்கும்.

மத்தியானம் பத்திரிகையிலிருந்து ஒருவர் போன் செய்தார். துணி டிசைனராக இருந்தவர் மொசைக் சிற்பத்துக்கு எப்படி வந்தீர்கள், கற்பனை எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். வழக்கமான பதிலைச் சொன்னேன். இருபத்தைந்து வருஷம் படுக்கை விரிப்புக்கும் கிச்சன் டவலுக்கும் டிசைன் போட்டது, வெளிநாட்டுக்காரர்கள் டிசைனைக் கம்ப்யூட்டரிலேயே அனுப்பத் தொடங்கியதும் எங்கள் செக்‌ஷனை மூடியது, வீட்டு பாத்ரூமை இடித்தபோது கிடந்த உடைந்த டைல்ஸில் ஒரு கொக்கு செய்து பார்த்தது எல்லாம்.

என் எல்லாச் சிற்பங்களிலும் வருகிற அலை டிசைனைப் பற்றிக் கேட்டார். "ஏழு அலை ஒழுங்கா போகுது மேடம். எட்டாவதுல ஒரு கோடு மட்டும் தடுக்கி மேல ஏறுது. அந்தத் தடுமாற்றம்தான் உங்க முத்திரைன்னு சொல்றாங்க."

எருமைகள் இறங்கும் இடத்தில் ஒரு கல் இருக்கிறது, தண்ணீர் அதில் தடுக்கும், அதைப் பார்த்துப் போட்டது என்றேன்.

கல் இருப்பது உண்மைதான்.

ஜூலை 6

தபாலில் ஒரு கவர். அனுப்பியவர் பெயர் இல்லை. உள்ளே ஒரு கிராஃப் தாள், மடித்தது. அதில் அலை டிசைன், பென்சிலால் கட்டம் கட்டமாக நிரப்பியது. எட்டாவது அலையில் கோடு மேலே ஏறும் இடத்தைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலில் வட்டம். ஓரத்தில் கட்டங்களின் எண்ணிக்கை. ஒரு வார்த்தைகூட இல்லை.

தபால் முத்திரை தெளிவாக இல்லை. பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்துவிட்டேன்.

யார் கையெழுத்து என்று தெரியவில்லை. வெறும் எண்களை வைத்து எப்படித் தெரியும்?

ஜூலை 7

முன்னங்கால் முடிந்தது. வேலையில் மனம் நிற்கவில்லை. நமக்குப் பெயர் வருவது பிடிக்காத யாரோ செய்கிற வேலை. ஆஸ்பத்திரிக்கும் ஒரு கவர் போயிருக்குமோ? டாக்டரம்மாவுக்கு ஒரு சாக்கு வைத்து போன் செய்தேன். சாதாரணமாகத்தான் பேசினார். கொஞ்சம் அதிகச் சாதாரணமாகவோ என்னவோ.

ஜூலை 11

மெகருன்னிசா வாட்ஸப் ஸ்டேட்டஸில் எருமையின் படத்தைப் போட்டிருக்கிறாள். என்னிடம் கேட்கவில்லை. 'நல்லா வந்துட்டு இருக்குதேன்னு போட்டேன்கா' என்கிறாள். யார் யார் பார்த்தார்கள் என்று போனை வாங்கிப் பார்த்தேன். அறுபத்திரண்டு பேர். பாதிப் பேர் யாரென்று அவளுக்கே தெரியவில்லை.

ஜூலை 14

அரிசி மாவு அரைத்தேன். டைல்ஸ் இடுக்கில் பூசுகிற கிரவுட் இரண்டு மூட்டை வந்தது, ஒன்றில் ஈரம், திருப்பி அனுப்பினேன்.

சாப்பிடும்போது இவர் திடீரென்று, "சுலோச்சனா இப்ப எங்க இருக்குது?" என்றார்.

"எந்தச் சுலோச்சனா?"

"உன்ற செக்‌ஷன்ல இருந்துதே, கிராஃப் போடற புள்ள. தறி மாஸ்டர் குழந்தைவேலு தங்கச்சி."

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். இவர் ரசம் சோற்றைப் பிசையத் தொடங்கினார்.

இவரும் அதே கம்பெனியில்தான் டிஸ்பாட்ச் பார்த்தார். ரிட்டயர் ஆகி நான்கு வருஷத்தில் பழைய ஆட்கள் யாரைப் பற்றியும் விசாரித்ததே இல்லை. இன்றைக்கு ஏன்? கவரை நான் இவரிடம் காட்டவில்லை. பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

சுலோச்சனா என்று ஒரு பெண் இருந்தாள். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. மூன்று வருஷம் எனக்குக் கீழே வேலை பார்த்தாள். 7 எழுதினால் அதன் இடுப்பில் ஒரு கோடு போடுவாள், டிஸ்பாட்ச் ஆட்கள் அதற்குக் கேலி செய்வார்கள். அவளைப் பற்றி எனக்கு நினைவிருப்பது அவ்வளவுதான்.

ஜூலை 15

தாளை எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் 37, 72, 7.

உள்ளே வைத்துவிட்டேன்.

ஜூலை 18

மெகருன்னிசாவை நிறுத்திவிட்டேன்.

காரணம் இல்லாமல் இல்லை. பட்டறை அலமாரியில் என் பழைய நோட்டுகள் இருக்கின்றன, கம்பெனிக் காலத்தவை. கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது. நான் எப்போதும் அழுத்திச் சாத்துவேன். அந்த அலமாரிப் பக்கம் போகிறவள் அவள் ஒருத்திதான். போன வாரம் கேட் பக்கத்தில் நின்று யாரோ ஸ்கூட்டர்காரரிடம் பத்து நிமிஷம் பேசினாள். கேட்டால் சித்தி மகன் என்றாள்.

நான் சத்தம் போடவில்லை. கொஞ்ச நாள் வர வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கையுறையைக் கழற்றாமல் அப்படியே நின்றாள்.

"அக்கா, அஞ்சு வருஷத்துல ஒரு சில்லு டைல் உங்களைக் கேக்காம எடுத்துட்டுப் போயிருக்கனா?"

"நான் அப்படிச் சொல்லலையே."

"சொல்லாட்டி என்ன. பாக்கறீங்கல்ல, அது போதும்."

கையுறையைக் கழுவி, கொடியில் காயப்போட்டுவிட்டுப் போனாள். பேசாமல் போயிருந்தால் சந்தேகம் தீர்ந்திருக்கும். இத்தனை நன்றாகப் பேசுகிறாளே என்று இருக்கிறது.

ஜூலை 22

தனியாக வெட்டி, தனியாக ஒட்டி, நாலு நாளில் ஒரு காது. கட்டைவிரல் கிழிந்து தையல் போட்டுக்கொண்டு வந்தேன்.

ஜூலை 24

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று காலையிலிருந்து யோசித்தேன்.

இவர் பட்டறைக்கு வந்தார். வழக்கமாக வரவே மாட்டார், தூசி ஒத்துக்கொள்ளாது. கையில் பழுப்பு நிற நோட்டு.

"அலமாரியத் தொறந்தது நான்தான் அம்சா. அந்தப் பொண்ண எதுக்கு நிறுத்துன?"

பீரோவில் வேட்டி தேடியபோது கவர் கண்ணில் பட்டிருக்கிறது. இடுப்பில் கோடு போட்ட 7-ஐப் பார்த்ததும் இவருக்குப் புரிந்துவிட்டது. பிறகு நோட்டைத் தேடி எடுத்திருக்கிறார். பத்து நாளாக எடுத்து வைத்துக்கொண்டு நான் சொல்வேன் என்று காத்திருந்தாராம்.

"மொதப் பக்கத்துல பேரு இருக்குது," என்றார். "நீ அதப் பார்த்தது இல்லையா?"

எருமையின் தலைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நீ எதுவும் சொல்ல வேண்டாம். ஆனா அந்த மெகரு புள்ளைய என்னாலதான் நீ நிறுத்துனன்னு நெனச்சா எனக்குச் சோறு எறங்கல."

பார்த்தது உண்டு. அலை டிசைன் அந்த நோட்டின் பதினோராம் பக்கத்தில் இருக்கிறது. சுலோச்சனாவின் மேசை டிராயரில் கிடந்தது அது. அவள் எடுத்துப் போக அவகாசம் இல்லாமல் போயிற்று. யாராவது பத்திரப்படுத்தத்தானே வேண்டும் என்று எடுத்து வைத்தேன். முதல் கொக்கு செய்தபோது வெறும் வெள்ளை டைல்ஸாக நன்றாக இல்லை. நோட்டைப் புரட்டினேன். அப்படித்தான்.

ஜூலை 26

இரண்டாவது கவர். இதிலும் கிராஃப் தாள், புதியது. அதே அலை. எட்டாவதில் கோடு தடுக்கவில்லை, கீழே இறங்கி ஒன்பதாவதோடு போய்ச் சேருகிறது. அடியில் இப்படி எழுதியிருக்கிறது:

'மேடம், இப்படித்தான் வர வேண்டும். நோட்டில் நான் தப்பாகப் போட்டுவிட்டேன். மறுநாள் திருத்தலாம் என்று இருந்தேன். மறுநாள் உள்ளே விடவில்லை. நீங்கள் தப்பையும் சேர்த்துச் செய்கிறீர்கள். பேப்பரில் படம் பார்க்கும்போதெல்லாம் கண் அங்கேயே போகிறது. சு.' 

கீழே சென்னிமலை முகவரி. போன் நம்பர்.

தப்பு. முத்திரை என்றார்கள், தடுமாற்றம் என்றார்கள், நான் ஆற்றில் கல்லைப் போட்டேன். ஒரு டிசைன் திரும்பத் திரும்ப வருவதைத் துணியில் ரிப்பீட் என்போம். அதில் ஒரு கட்டம் பிசகினால் நூறு மீட்டருக்கும் அதே பிசகு ஓடும். அதைக் கண்டுபிடிப்பதுதான் ஒரு டிசைன் ஹெட்டின் முதல் வேலை. என் கண்ணுக்குத் தெரியவில்லை.

எதற்கு எழுதுகிறாள்? என்ன வேண்டுமாம்? இத்தனை மரியாதையாக எழுதினால் உள்ளே ஏதோ இருக்கிறது.

ஜூலை 29

ஈரோடு போய் பஸ் மாறி சென்னிமலை. இவர் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன்.

சுலோச்சனாவுக்கு முடி பாதி நரைத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். வீட்டுக்காரர் இறந்து ஏழு வருஷம். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள், அந்தக் காலத்தில் செக்‌ஷனுக்குள் நான் நுழைந்தால் எழுந்திருப்பாளே, அப்படி. எழுந்த பிறகு தனக்கே பிடிக்காத மாதிரி உடனே உட்கார்ந்துகொண்டாள்.

"கவர்ல பேரு போட்டிருக்கலாமே," என்றேன். அதைத்தான் முதலில் கேட்டேன்.

"என்ற கையெழுத்து உங்களுக்குத் தெரியும்னு நெனச்சனுங்க."

"என்ன வேணும் உனக்கு?"

"அந்தத் தப்பு கண்ணை உறுத்திட்டே இருந்துது மேடம். நெசமாலுமே. பாதி அதுக்குத்தான் எழுதினேன்." கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பைச் சுருட்டினாள். "இன்னொரு பாதியும் இருக்குது."

மகளுக்கு ஆவணி கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம். தாய்மாமன் குழந்தைவேலு எங்கள் கரூரில்தான் இருக்கிறார். இருபத்திரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. பத்திரிகை வைக்கப் போனபோதும் கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சாத்திக்கொண்டாராம். "மாமன் இல்லாம மணவறையில உக்காரோணுமான்னு எம் பொண்ணு கேக்கறா. நான் என்னத்தச் சொல்றது? திருடின்னு வெளிய அனுப்பிச்ச தங்கச்சி வேண்டாம்னு அவரு இருக்கறாரு. அந்த வேலைய வாங்கிக் குடுத்ததே அவருதானுங்களே."

நான் தண்ணீர் கேட்டுக் குடித்தேன்.

"நான் சொல்லி நம்பல. நீங்க சொன்னா நம்புவாரு. அப்பவும் உங்களைத்தான் நம்பினாரு."

அந்த விஷயத்தை ஒரு தடவையாவது முழுசாக எழுத வேண்டும். எங்கள் புது விரிப்பு டிசைன் ஒன்று, ஜெர்மனிக் கண்காட்சியில் வேறொரு கம்பெனி ஸ்டாலில் தொங்கியது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, 'உங்க செக்‌ஷன்ல யாரு?' என்றார். நான் அவள் பெயரைச் சொன்னேன். ஆதாரம் எதுவும் இல்லை. அவள் போடும் டிசைன்களை முதலாளி என்னைக் கேட்காமலே எடுத்துப் போகத் தொடங்கியிருந்தார். அந்த நாட்களில் நான் எந்நேரமும் நினைத்துக்கொண்டிருந்த பெயர் அது. கேட்டதும் வாயில் அதுதான் வந்தது. இரண்டு மாதம் கழித்து, டிசைனை விற்றது, வெளிநாட்டு ஆர்டர் பிடித்துத் தரும் பையிங் ஏஜென்ட் ஆபீஸில் இருந்த ஒரு ஆள் என்று தெரிந்தது. முதலாளி என்னிடம்தான் சொன்னார். 'அந்தப் புள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்க' என்றார்.

சரி என்றேன்.

புறப்படும்போது, "உன் பேரையும் சிற்பத்துல போடறேன் சுலோச்சனா," என்றேன்.

"அது உங்க இஷ்டமுங்க," என்றாள். "அண்ணன்கிட்டப் போவீங்ளா?"

ஜூலை 30

போகவில்லை. உடம்பு சரியில்லை என்று படுத்திருந்தேன். காய்ச்சல் இல்லை.

ஆகஸ்ட் 1

முதலில் மெகருன்னிசா வீடு. இது சுலபம் என்று நினைத்தேன்.

வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அலமாரியைத் திறந்தது யார் என்று சொல்லி, தப்பு என்னுடையது என்றேன். மீனைக் கழுவி முடித்தாள்.

"நீங்க என்னை நிறுத்தினதக்கூட விடுங்க. எங்க வீட்டுல இவரு, 'எதையாவது எடுத்தியா'ன்னு கேட்டாரு. நீங்க காரணம் சொல்லி அனுப்பியிருந்தா அவரு கேட்டிருக்க மாட்டாரு."

மீன் சட்டியை நகர்த்தி வைத்தாள்.

"எருமைய முடிச்சுத் தர்றேன்கா. குழந்தைங்க ஏறி விளையாடற சாமான், அரைகுறையா விடக் கூடாது. அதுக்கப்புறம் வர மாட்டேன். கொசவலசைல ஒரு வீட்டுல வேலைக்குக் கேட்டிருக்காங்க."

சரி என்றேன். அவள் கணவரிடமும் நின்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 4

எட்டாவது அலைகளை எல்லாம் உளி வைத்துக் கொத்தி எடுத்தோம். இடது விலா முழுக்க. மெகருன்னிசா ஏன் என்று கேட்கவில்லை. நானாகவே புதுத் தாளைக் காட்டினேன். விரலால் கோட்டைத் தொடர்ந்து போய்ப் பார்த்தாள்.

"இது நல்லா இருக்குது. ஓடுது. யாரு போட்டது?"

"சுலோச்சனான்னு ஒருத்தங்க," என்றேன். வேறொருவர் காதுக்கு அதைச் சொல்வது இதுதான் முதல் தடவை.

ஆகஸ்ட் 6

வெங்கமேடு. குழந்தைவேலு மாஸ்டர் வீடு.

பஸ் முழுக்க ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு போனேன். 'போன வாரம்தான் எனக்குத் தெரிய வந்தது' என்று தொடங்கும் வாக்கியம். அது ஒரு சொல்லில் என்னைக் காப்பாற்றிவிடும், அவருக்கும் தங்கை கிடைத்துவிடுவாள், யாருக்கும் நஷ்டமில்லை.

அவருக்கு எழுபது இருக்கும். பனியனோடு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "வாங்க மேடம், வாங்க. உங்க வீட்டுக்காரரு துரைசாமி நல்லா இருக்கறாருங்களா?" அவர் மனைவி உள்ளே தண்ணீர் எடுக்கப் போனார்.

"மாஸ்டர், சுலோச்சனா டிசைன வெளிய குடுக்கல. குடுத்தது ஏஜென்ட் ஆபீஸ்ல ஒருத்தன். நான் சொன்னது தப்பு."

அவர் பேப்பரை மடித்தார். நான்காக மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்தார்.

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுங்க?"

வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. அவர் முகத்தில், நான் அதைச் சொல்ல வேண்டும் என்கிற ஆசைகூட இருந்தது போலப் பட்டது.

"அதே வருஷம். அவ போயி ரெண்டாவது மாசம்."

தெருவில் தண்ணீர் லாரி வந்து, குடங்கள் வரிசை கட்டி, ஒருவருக்கொருவர் சத்தம் போட்டுக்கொண்டார்கள். அவர் வாசலைக் காட்டினார்.

"இதே வாசல்ல நின்னு அழுதா," என்றார். "'அண்ணா, நான் பண்ணலைண்ணா'ன்னு. கைக்கொழந்தைய இடுப்புல வெச்சிருந்தா. நான் என்ன சொன்னேன் தெரியுமுங்களா? 'மேடம் பொய் சொல்ல மாட்டாங்க, நீ போ'ன்னேன்."

எழுந்து உள்ளே போனார். சட்டை போட்டுக்கொண்டு வந்தார், பொத்தான் மேல்கீழாக மாறியிருந்தது. செருப்பைத் தேடினார்.

"எங்கங்க போறீங்க? இன்னும் சாப்பிடல," என்றார் மனைவி.

"சென்னிமலைக்கு."

என்னைத் தாண்டிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை. அவர் மனைவி எனக்குக் கொண்டு வந்த தண்ணீர்ச் சொம்போடு நடுக்கூடத்தில் நின்றார். கொடுப்பதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. வாங்கிக் குடிப்பதா என்று எனக்கும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 17

பேட்டி போட்ட பத்திரிகை வந்தது. நான்கு பக்கம், வண்ணப் படங்கள். ஆறும் கல்லும் அப்படியே இருக்கின்றன. போன வாரமே அந்த நிருபருக்கு போன் செய்து, அலை என்னுடையது இல்லை, சுலோச்சனா என்பவர் போட்டது, அதைத் திருத்துங்கள் என்று சொன்னேன். "பக்கம் முடிஞ்சிருச்சு மேடம். வாசகர்களுக்கும் குழப்பமா இருக்கும்," என்றார். ஆசிரியருக்குக் கடிதம் எழுதி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். போடுவார்கள் என்று நம்பிக்கை இல்லை.

ஆகஸ்ட் 28

எருமை ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிவிட்டது. கிரேன்காரர் கொம்பைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார், மெகருன்னிசா கத்திய கத்தலில் கிரேனே நின்றுவிட்டது. பலகையில் இரண்டு பெயர்: சிற்பம் அம்சவேணி, அலை வடிவம் சுலோச்சனா. டாக்டரம்மா, 'இது யாரு, உங்க அசிஸ்டெண்டா?' என்றார். இல்லை, எனக்கு முன்னாலேயே வரைந்தவர் என்றேன்.

மெகருன்னிசா துணியால் வயிற்றைக் கடைசியாக ஒரு தடவை துடைத்தாள். வருகிறேன் என்று சொல்லாமல், "போறேன்கா," என்றாள்.

செப்டம்பர் 15

சுலோச்சனா மகள் கல்யாணம். பத்திரிகை இவர் பெயருக்கு மட்டும் வந்திருந்தது. மாஸ்டரே போனிலும் கூப்பிட்டாராம். இவர் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு காலையிலேயே கிளம்பினார். நான் துணி துவைத்தேன். புது வேலைக்கு எதுவும் தோன்றவில்லை. ஆற்றுக்குப் போனேன், எருமைகள் இல்லை, திரும்பிவிட்டேன்.

மூன்று மணிக்கு வந்தார். தாம்பூலப் பையை மேசை மேல் வைத்தார். நான் கேட்காமலே சொன்னார். மாமன் சீர் மூன்று தட்டு அதிகமாகவே வந்ததாம். பெண்ணை மணவறைக்குக் கைபிடித்து அழைத்து வந்தது குழந்தைவேலுதான். போட்டோக்காரர் 'சிரிங்க மாமா' என்று சொல்லிச் சொல்லி அலுத்துப் போய், மாஸ்டர் அழுவதையே படம் எடுத்துவிட்டாராம்.

"என்னைப் பத்தி யாராவது கேட்டாங்களா?"

சட்டையைக் கழற்றிக்கொண்டே, "இல்ல அம்சா," என்றார்.

எனக்கு வருத்தமாக இருக்கும் என்று எதையாவது மறைக்கிறாரோ என்று அவர் முகத்தையே பார்த்தேன். வெயிலில் வந்த களைப்பு. கல்யாணச் சாப்பாட்டின் தூக்கம். வேறு ஒன்றும் இல்லை.

யாரும் கேட்கவில்லைதான்.